கதவம்மா ஒப்பித்த வரி

காலையில் எழுந்ததும் அவன் முதலில் விளக்கை அணைத்தான். இரவு முழுக்க எரிந்த விளக்கு. பிறகு வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்துவந்து, கத்தரித்து, பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தான். பொங்கும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு டம்ளர் எடுத்தான். ஒன்றைத் திரும்ப வைத்தான். காபி குடித்தான். டம்ளரைக் கழுவினான். குளித்தான். சட்டையை இஸ்திரி போட்டான். முதலில் காலர், பிறகு கைகள், பிறகு முதுகு, கடைசியில் முன்பக்கம். அந்த வரிசை மனைவி சொல்லிக்கொடுத்தது.

சட்டைப் பொத்தானைப் போடும்போது போன் அடித்தது. மாமியார். தினமும் இந்த நேரத்துக்கு அடிக்கும்.

"மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு அத்தை."

"என்ன சாப்பிட்டீங்க?"

அவன் சமையலறையைத் திரும்பிப் பார்த்தான். "ரொட்டி."

"பொய் சொல்ல வராதுன்னா விட்டுடணும் மாப்பிள்ளை. ரொட்டி தீர்ந்துபோச்சுன்னு நேத்துதானே சொன்னீங்க."

அவன் அடுத்த பொத்தானைப் போட்டான்.

"நேத்து அவ சின்ன மாமா வந்திருந்தாரு. கடைசியா ஒரு வார்த்தை பேச முடியலயேன்னு உக்காந்து அழுதாரு. நான்தான் சொன்னேன், அவ வேற யாரையும் தேடல, 'வந்துட்டாரா, வந்துட்டாரா'ன்னு வீட்டுக்காரரைத்தான் கேட்டுக்கிட்டே போனான்னு." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "யாருக்குக் கிடைக்கும் அவ்வளவு பாசம்?"

"சரி அத்தை. கடைக்கு நேரமாச்சு."

அத்தைக்கு அது பாசம். அவனுக்கு அது குற்றப்பத்திரிகை. சொந்தபந்தம் எல்லோரும் அந்த வாக்கியத்தைக் கையில் வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் எடுத்துக் காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

அவன் கண் பரிசோதகர். வேலை பார்க்கும் கண்ணாடிக் கடை பெரிய ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே இருந்தது. இடையில் ஒரு சாலைதான். அந்த ஆஸ்பத்திரியில்தான் அவன் மனைவி இறந்துபோனாள். கடையை விட்டுவிடு, வேறு ஊருக்குப் போ என்று பலரும் சொன்னார்கள். விடுவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே. அவன் செய்தது ஒன்றுதான். தன் மேஜையைத் திருப்பிப் போட்டு, சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அதன் பிறகு அந்தச் சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போகவேயில்லை.

அவளுக்கு வயிற்றில் சாதாரண ஆபரேஷன். முடிந்து இரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்று தீவிர சிகிச்சை வார்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வார்டுக்கு ஒரு கதவு. கதவுக்கு ஒரு ஆயா. எல்லோரும் அவளைக் கதவம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பார்வையாளர் நேரம் சாயங்காலம் என்று சுவரில் எழுதியிருந்தது. கதவம்மாவைக் கவனித்தவர்களுக்கு எந்த நேரமும் சாயங்காலம்தான்.

அவன் கவனிக்கவில்லை. அது அவன் சுபாவம். வீட்டுக்கு மின்சார மீட்டர் மாட்ட வந்தவனுக்கும் கொடுக்கவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க மெழுகுவத்தியில் ஓடியது. மனைவி அவனுக்கு 'நேர்கோடு' என்று பெயர் வைத்தது அப்போதுதான். "நேர்கோட்டைக் கட்டிக்கிட்டாச்சு, இனிமே எந்தச் சந்துக்குள்ளயும் திரும்ப முடியாது" என்பாள். வெளியார் முன்னால் அந்தப் பெயரைச் சொல்லமாட்டாள். அதெல்லாம் வீட்டுக்குள்தான். அதைச் சிரித்தபடி சொன்னாளா, அலுத்துப்போய்ச் சொன்னாளா? அவள் இருந்தவரை அவனுக்குச் சந்தேகம் வந்ததில்லை. இப்போது வந்தது.

ஏனென்றால் கடைசி மத்தியானம் அவன் கதவுக்கு வெளியே நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தான். உள்ளே இருப்பது என் மனைவி, அவளைப் பார்க்க நான் எதற்குக் காசு தரவேண்டும் என்று கத்தினான். புகார் எழுதுவேன் என்றான். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே கொடுத்தவர்கள். ஆகவே தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு பெரியவர் மட்டும், "கொடுத்துட்டு உள்ள போப்பா, ஊரை நாளைக்குத் திருத்திக்கலாம்" என்றார். கதவம்மா படாரென்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த முறை கதவு திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நடந்தார். பின்னாலேயே வந்த கதவம்மா அவன் கையைப் பிடித்து, "உங்களையேதான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. வந்துட்டாரா, வந்துட்டாரான்னு" என்றாள். அவன் சட்டைப் பையில் கைவிட்டு, இருந்ததை எல்லாம் எடுத்து அவளிடம் கொடுத்தான். கதவுக்குக் கொடுக்காததை அந்த வாக்கியத்துக்குக் கொடுத்தான். கொடுத்து வாங்கியதை வீட்டுக்கு எடுத்துவந்து, அதோடுதான் இத்தனை நாளும் குடித்தனம் நடத்தினான்.

அன்று கடையில் கூட்டமில்லை. முதலாளி கண்ணாடி ஃப்ரேம்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இவன்மேல் பிரியமும் உண்டு, தீராத எரிச்சலும் உண்டு. பார்வைச் சான்றிதழில் கையெழுத்துப் போடப் படிப்பு வேண்டும். அந்தப் படிப்பு இவனிடம்தான் இருந்தது. இவனோ உண்மையாகவே கண்ணைப் பரிசோதித்துத் தொலைப்பான்.

"டாக்டரே, ஒரு அம்மா வந்திருக்காங்க" என்றார் முதலாளி. ஆளைக் கேலி செய்யும்போதெல்லாம் டாக்டரே. "நம்ம எதிர்வீட்டுக்காரங்க. ஆஸ்பத்திரியில வேலை பாக்குற வயசானவங்க எல்லாரும் கண் சர்டிபிகேட் கொண்டுவரணும்னு புது உத்தரவாம். ஒரு கையெழுத்துதான். பேனா தேயாது."

"டெஸ்ட் பண்ணிட்டுப் போடுறேன் சார்."

"பண்ணு, பண்ணு. உன்னை வச்சுக்கிட்டு நான் கண்ணாடி விக்கிறதா, சாமியார் மடம் நடத்துறதான்னே தெரியல."

திரையை விலக்கிக்கொண்டு வந்தவள் கதவம்மா.

அவன் கையிலிருந்த டார்ச்சை மேஜைமேல் வைத்தான். அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். சீருடைப் புடவை, நரைத்த கொண்டை, மடியில் ஒரு துணிப்பை. கதவுக்கு முன்னால் மலை மாதிரி நின்றவள், இங்கே நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு இருந்தாள்.

"கொஞ்சம் சீக்கிரம் தம்பி. டூட்டிக்குப் போகணும்."

அவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன வருமென்று அவனுக்கே நிச்சயமில்லை. ஒரு கண்ணை மறைக்கும் அட்டையை எடுத்துக் கொடுத்தான். எதிரே இருந்த கண்ணாடியைக் கை காட்டினான். சின்ன அறை என்பதால் எண்கள் எழுதிய சார்ட்டை நோயாளியின் தலைக்கு மேலே மாட்டி, எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் பார்க்கச் சொல்வதுதான் அங்கே வழக்கம்.

அந்தச் சார்ட்டுக்கும் ஒரு கதை உண்டு. கடைக்கு வெளியே மரத்தடியில் ஒரு புரோக்கர் இருந்தார். லைசென்ஸுக்காகச் சான்றிதழ் வாங்க வருகிறவர்களைப் பிடித்து, சார்ட்டில் இருக்கும் எண்களை வரிசையாக மனப்பாடம் செய்விப்பார். தப்பில்லாமல் ஒப்பிக்கும் வரை ஆளை விடமாட்டார். அதனால் அவருக்கு வாத்தியார் என்றே பெயர். எதிரே வரும் பஸ் தெரியாதவர்கள்கூட அவரிடம் படித்துவிட்டு வந்து கடைசி வரி வரை கடகடவென்று சொல்லிவிட்டுப் போனார்கள். இதைத் தாமதமாகக் கண்டுபிடித்த அவன், அதற்கு முந்தைய வாரம்தான் சார்ட்டைத் திருப்பி மாட்டியிருந்தான். பின்பக்கத்தில் வேறு எண்கள். முதலாளிக்குத் தெரியாது. வாத்தியாருக்கும் தெரியாது.

கதவம்மா ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினாள். "ஏழு. நாலு, ரெண்டு. ஒன்பது, மூணு, அஞ்சு."

கண்ணாடியில் தெரிந்த முதல் எண் மூன்று.

அவள் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி லேசாகத் தலையை ஆட்டியபடி, ஒரு ராகத்தோடு அடுத்த வரிக்குப் போனாள். அவன் எழுந்து சார்ட் விளக்கின் சுவிட்சைத் தட்டினான். கண்ணாடி இருண்டது. "எட்டு, ஆறு, ரெண்டு, நாலு" என்று அந்த இருட்டைப் பார்த்து அவள் படித்தாள். கடைசி வரியையும் முடித்துவிட்டு, "அவ்வளவுதானே தம்பி?" என்றாள்.

விளக்கைப் போட்டு, அட்டையை வாங்கி வைத்துவிட்டு, டார்ச்சால் அவள் கண்களைப் பார்த்தான். இரண்டிலும் புரை. பால் ஊற்றியது போல இருந்தது.

"நீங்க சொன்ன ஒரு வரிகூட இதுல இல்லம்மா."

"என்ன தம்பி சொல்றீங்க? நல்லாப் பாருங்க."

"நான் பாத்துட்டேன். நீங்கதான் பாக்கல. சார்ட்டைத் திருப்பி மாட்டி ஒரு வாரம் ஆச்சு. கடைசி ரெண்டு வரிக்கு விளக்கே எரியல."

அவள் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அந்த வாத்தியாரு நாசமாப் போக. முழுப் பணமும் வாங்கிட்டான் பாவி."

அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வந்து பாதியில் நின்றது. அந்த ராகம். அந்தத் தலையாட்டல். 'வந்துட்டாரா, வந்துட்டாரா' என்று கதவம்மா சொன்னதும் இதே ராகத்தில்தான். அன்று கையைப் பிடித்துக்கொண்டு, இதே மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள். அப்போது அவனுக்கு எதையும் கவனிக்கும் நிலை இல்லை.

"அம்மா, அந்த வார்டுல யாராவது போயிட்டா, கடைசியா என்ன சொன்னாங்கன்னு வெளிய இருக்கிறவங்ககிட்ட நீங்கதானே சொல்வீங்க?"

"ஆமா. நான்தான் சொல்றது."

"'வந்துட்டாரா, வந்துட்டாரா'ன்னு."

அவள் சட்டென்று திரும்பினாள். கண்களைச் சுருக்கி அவன் பக்கம் பார்த்தாள். பார்த்துப் பயனில்லை என்று தெரிந்ததும் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தாள்.

"இந்தக் குரலு. நீங்க அந்தக் கதவுகிட்ட கத்தினவரு இல்ல?"

"ஆமா."

"புகார் எழுதுவேன்னீங்களே?"

"எழுதல. அது கிடக்கட்டும். அதே வரியை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கீங்க?"

அவள் புடவைத் தலைப்பை இழுத்து விரலில் சுற்றினாள். "ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு தம்பி? பொண்டாட்டி போனா 'வந்துட்டாரா'. புருஷன் போனா 'அவ சாப்பிட்டாளா'. பெத்தவங்க போனா 'புள்ளைங்க ஒத்துமையா இருக்கணும்'. அதுல பாதிப் பேரு மயக்கத்துல கிடப்பாங்க. எங்க பேசுறது? ஆனா வெளிய நிக்கிறவங்க மூஞ்சியப் பாத்தா வெறுங்கையோட அனுப்ப மனசு வராது. ஏதாச்சும் கொடுத்தனுப்பணும்ல?"

"கொடுக்குறதா? வாங்குறதும் உண்டே."

"அது அவங்களாக் கொடுக்குறது. கதவுக்குத்தான் நான் கேப்பேன். அதுக்குக் கேட்டதே இல்ல." நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதில் தனக்கொரு நியாயம் இருப்பது போல. "கேட்டவங்க யாரும் வருத்தப்பட்டதும் இல்ல தம்பி. எல்லாருக்கும் அது ஒரு ஆறுதல்."

"எனக்கு ஆறுதல் இல்லம்மா. நான் அங்கதான் நின்னேன். அவ கேட்டுக்கிட்டே இருந்தா, நான் நியாயம் பேசிக்கிட்டே இருந்தேன்னு ஆயிடுச்சு. அன்னைலருந்து விளக்கை அணைக்காமத்தான் படுக்குறேன்."

கதவம்மாவின் முகம் மாறியது. அவள் அந்தப் பக்கத்திலிருந்து யோசித்ததேயில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. சரக்கு வாங்கிப்போனவன் இத்தனை காலம் கழித்து வந்து, இது விஷம் என்று சொன்ன மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது. சின்னச் சிரிப்பாகத் தொடங்கி வயிற்றைக் குலுக்கியது. எல்லோருக்கும் அதே வரி. பொண்டாட்டி போனால் வந்துட்டாரா. அவன் சுமந்தது அவனுடையதே இல்லை. அச்சடித்து வைத்த சரக்கு. திரையை விலக்கி முதலாளி எட்டிப் பார்த்தார். இவன் சிரித்து அவர் பார்த்து நாளாகியிருந்தது. "என்னடா ஆச்சு? பாஸா?" என்றார்.

"ஃபெயில் சார்."

"ஃபெயிலுக்கா இந்தச் சிரிப்பு?" தலையில் அடித்துக்கொண்டு போனார்.

சிரிப்பு அடங்கியதும் அவன் கேட்டான். "அப்ப அவ உண்மையில ஏதாவது சொன்னாளா? இல்ல மயக்கமா?"

"மயக்கம் இல்ல. பேசுனாங்க. நல்லா ஞாபகம் இருக்கு." கதவம்மா முன்னால் நகர்ந்து, குரலைத் தாழ்த்தினாள். மறுபடியும் கதவோரத்துக் குரல். "ஒரு கையெழுத்து போட்டுக் கொடுத்துடுங்க தம்பி. எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்லிடுறேன். இந்தச் சர்டிபிகேட் இல்லன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. என் மருமகன் வேலை இல்லாம கிடக்கான், என் சம்பளத்துலதான் அடுப்பு எரியுது."

பேனா அவன் கையில்தான் இருந்தது. மூடி திறந்திருந்தது. ஒரு கோடு இழுத்தால் போதும். எந்த விலைக்கும் வாங்கத் தோன்றிய ஒரு பொருள் அவளிடம் இருந்தது. அவளுக்கும் அது தெரிந்திருந்தது.

ஆனால் கையெழுத்துக்கு விலையாக அவள் என்ன சொன்னாலும் அது இன்னொரு ஒப்பிப்பாகத்தான் இருக்கும். நல்லதாகச் சொன்னால் கையெழுத்துக்காக. கெட்டதாகச் சொன்னாலும் எதற்காகவோ. விலை கொடுத்து வாங்கிய வார்த்தையை ஒரு தடவை வீட்டுக்குக் கொண்டுபோனது போதும் என்று தோன்றியது. அவன் பேனாவை மூடினான்.

"உங்க ரெண்டு கண்ணுலயும் புரை முத்தியிருக்கு. இதுக்குக் கையெழுத்துப் போட முடியாது. நீங்க ஊசி மருந்தை மாத்தி எடுத்துக் கொடுத்தா ஒரு உயிர் போயிடும். ஆனா இது ஆபரேஷன் பண்ணா சரியாப்போற கண்ணு. உங்க ஆஸ்பத்திரியிலயே பண்ணுவாங்க. அதுக்கு எழுதித் தரேன். சரியானதும் வாங்க. அப்ப போடுறேன், அரை நிமிஷத்துல."

"எங்க ஆஸ்பத்திரியிலயா?" அவள் கசந்து சிரித்தாள். "கண் வார்டு வாசல்ல ஒருத்தி நிக்கிறா தம்பி. என்னையவிடக் கெடுபிடி. கூட வேலை பாக்குறவன்னுகூடப் பாக்கமாட்டா."

"கொடுக்காதீங்க. கத்துங்க."

"உங்க மாதிரியா?"

"என் மாதிரிதான்."

அவன் எழுதிக் கொடுத்ததை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. "நேரா நிக்கிறவனால யாருக்கு என்ன லாபம்" என்று முனகியபடி திரையைத் தடவிக்கொண்டு போனாள். முதலாளி, "ஒரு கிராக்கி போச்சு" என்று கடவுளிடம் முறையிட்டார்.

அவன் கைகழுவப் போனான். போகும்போது வாசலைப் பார்த்தான். கதவம்மா நடைபாதை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால் சாலையில், ஒரு கால் மேலே. வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் காதால் சாலையைக் கடக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலைக் கீழே வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். தினமும் இப்படித்தான் கடக்கிறாள் போல. அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் பார்த்ததில்லை.

அவன் வெளியே போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "வாங்கம்மா."

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. அதன் பின்னால் இருவரும் இறங்கினார்கள். நடுச்சாலையில் ஒரு தடவை நின்றார்கள். அவள் அவன் சட்டைக் கையைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டாள். அந்தப் பக்கம் ஏறியபோதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. ஆஸ்பத்திரி கேட். பூச்சட்டி. அன்று நின்ற அதே காவலாளி. மேலே இரண்டாவது மாடியில் அந்த வார்டின் ஜன்னல்.

"வரேன்மா" என்று திரும்பினான்.

"நில்லுங்க தம்பி."

அவள் பிடித்த கையை விடவில்லை. இப்போது ராகம் இல்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தடுமாறினாள்.

"உங்ககிட்ட வாய்ச்சண்டை போட்டுட்டு உள்ள போனேனா? கோவத்துல டம்ளரை டொக்குன்னு வச்சேன். அவங்க முழிச்சுக்கிட்டுதான் இருந்தாங்க. 'என்னக்கா, வெளிய ஒரே சத்தம்'னாங்க. 'யாரோ ஒரு ஆளு, காசு தரமாட்டேன்னு கத்துறான்'னேன். சிரிச்சாங்க தம்பி. அந்த வார்டுல யாரும் சிரிச்சு நான் பாத்ததில்ல, அதான் மறக்கல. உங்க குரல் உள்ள வரைக்கும் நல்லாக் கேட்டுச்சு. அப்புறம் ஒண்ணு சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க."

"இதை அன்னைக்கே ஏன் சொல்லல?"

"இதைச் சொன்னா, நான்தான் கதவத் திறக்கலன்னு ஆயிடுமேப்பா." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதான் வழக்கமா சொல்றதைச் சொன்னேன்."

மறுநாள் காலையில் அவன் இதை அத்தையிடம் சொன்னான்.  அத்தை போனில் விழுந்து விழுந்து சிரித்தாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள். "அவதான் மாப்பிள்ளை. இது அவளேதான். அந்த இன்னொண்ணு எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு, என் பொண்ணு என்னைக்கு அப்படிக் கெஞ்சியிருக்கா?" என்றாள். பிறகு, என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டாள். முட்டை என்றான். அன்று அது உண்மை.

முந்தின நாள் கேட்டுக்குப் பக்கத்தில், போகிறவர் வருகிறவர் இடித்துக்கொண்டு போக, கதவம்மா நெற்றியைச் சுருக்கினாள். கையெழுத்தும் இல்லை, காசும் இல்லை. ஒரு வார்த்தையும் மாறிவிடக்கூடாது என்பது போல நிதானமாகச் சொன்னாள். தொடக்கத்திலேயே வந்த ஒரு பெயருக்கு அர்த்தம் தெரியாமல் தயங்கி, தெரியாமலேயே அதையும் சொன்னாள்.

"அது எங்க நேர்கோடு அக்கா. வந்தாச்சுன்னா சண்டை போட்டுக்கிட்டுதான் நிக்கும், போடட்டும் விடுங்க. எனக்குத் தூக்கம் வருது. அந்த விளக்க மட்டும் அணைச்சிடுங்க."